யூத நோயாளியும் மதச்சட்டமும்: எங்கே கேட்கக் கூடாது, எங்கே கேட்டே ஆக வேண்டும்

சனிக்கிழமை விளக்குப் போட மாட்டார்கள், பன்றி இறைச்சி தொட மாட்டார்கள். யூதர்களின் மதச்சட்டமான ஹலாகா பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பேச்சுக்கு இது போதும், நோயாளியின் கட்டிலருகே போதாது. முதியோரைக் கவனிக்கும் வேலைக்கு இந்தியாவிலிருந்து ஏராளமானோர் இஸ்ரேல் போகிறார்கள். லண்டன் மருத்துவமனைகளிலும் நம் ஊர் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு எதுவென்றால், உயிர் ஊசலாடும் நேரத்தில் மதத்தலைவரிடம் அனுமதி கேட்கப் போவது. வெள்ளி மாலை சூரியன் மறைந்ததும், எழுதுவது, வண்டி ஓட்டுவது, மின்கருவியைத் தொடுவது எல்லாம் விலக்கான ஓய்வுநாளான சப்பாத் தொடங்கிவிடும். அதன்பின் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் போனைத் தொடலாமா, வண்டி ஓட்டலாமா என்ற தயக்கம் பக்தியாகத் தோன்றலாம். சட்டம் அதைப் பக்தி என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்கிறது எருசலேம் தால்முத் என்ற பழைய சட்ட விவாத நூல். கேட்கப்பட்ட ரபிக்கும், அதாவது மதகுருவுக்கும், திட்டு உண்டு, இதை முன்பே ஊருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா என்று!

கட்டளைகள் மனிதன் அவற்றால் பிழைப்பதற்காகவே என்ற பைபிள் வசனம், லேவியராகமம் 18:5, இதற்கு அடிப்படை. உயிர் காப்பதை எபிரேயத்தில் பிக்குவாஹ் நெஃபெஷ் என்பார்கள். அதற்காகச் சிலை வழிபாடு, கொலை, தகாத பாலுறவு என்ற மூன்று தடைகளைத் தவிர மற்ற எல்லாமே வழிவிடும். உயிருக்கு ஆபத்து என்பது உறுதியாக வேண்டியதில்லை, சந்தேகமே போதும். யூதர் அல்லாத ஒருவரைத் தேடிப்பிடித்து வண்டி ஓட்டச் சொல்லலாமே என்று நேரத்தைக் கடத்துவதும் தவறு. பெரியவர்களே முன்வந்து செய்ய வேண்டும் என்கிறது 16ஆம் நூற்றாண்டில் ரபி யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹான் அரூக் என்ற சட்டத் தொகுப்பு. ஹட்சோலா என்ற யூதத் தொண்டர் ஆம்புலன்ஸ்கள் சப்பாத் அன்றும் பறப்பது இதனால்தான்.

சரி, அப்படியானால் நோயாளிக்கு எல்லாமே தளர்வு என்று நினைப்பதும் தவறு. ஆபத்து நீங்கிவிட்டால் சப்பாத் மறுபடி முழுசாகத் திரும்பிவிடும். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு “நீங்கள் வீட்டுக்குப் போகலாம்” என்று மலர்ந்த முகத்தோடு சொன்னால், அந்த நோயாளிக்கு அது நல்ல செய்தி இல்லை. அவரால் கையெழுத்துப் போட முடியாது, காரில் ஏற முடியாது. ஒப்புதல் படிவங்களை வெள்ளி மதியமே முடித்துவிடுவது நல்லது. அழைப்பு மணியை அழுத்தாமல் வலியோடு படுத்திருக்கும் பாட்டிகளும் உண்டு. மணி அடிக்கவில்லை, அதனால் வலி இல்லை என்று எண்ணாமல் போய்ப் பார்த்துவிடுங்கள். “அறை இருட்டாக இருக்கிறதே” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், விளக்கைப் போடச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பன்றி விவகாரம். பன்றியின் இதய வால்வு, பன்றிக் குடலிலிருந்து எடுக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி இவற்றையெல்லாம் யூதர் மறுப்பார் என்று மருத்துவரே முடிவுகட்டிவிடுவது உண்டு. தடை உண்பதற்குத்தான், உடம்பில் பொருத்துவதற்கோ ஊசியில் ஏற்றுவதற்கோ இல்லை. இரத்தம் ஏற்றுவதும் அப்படியே. அதை மறுப்பவர்கள் யெகோவாவின் சாட்சிகள், அது வேறு மதப்பிரிவு.

பாவ மன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று நோன்பு சுமார் 25 மணி நேரம், தண்ணீர்கூடக் கிடையாது. சர்க்கரை நோயாளி யாரிடமும் சொல்லாமல் மாத்திரையையும் சாப்பாட்டையும் நிறுத்திவிடுவது ஆபத்தான தவறு. இங்கே சட்டம் நுணுக்கமானது. நோன்பு உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிட்டே ஆக வேண்டும். முடிந்தால் சுமார் 30 மில்லி அளவுக்குள், ஒன்பது நிமிட இடைவெளி விட்டுவிட்டுச் சாப்பிடும் வழியும் இருக்கிறது. நோயாளியே எனக்குச் சாப்பாடு வேண்டும் என்றால், நூறு மருத்துவர்கள் வேண்டாம் என்றாலும் அவர் பேச்சுதான் செல்லும். தன் இதயத்தின் கசப்பு அதற்கே தெரியும் என்ற நீதிமொழி இதற்கு ஆதாரம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

பிரசவ அறையில் மனைவி துடிக்கும்போது கணவர் கையைப் பிடிக்காமல் ஒதுங்கி நிற்பார். கல்நெஞ்சன் என்று முணுமுணுக்காதீர்கள். இரத்தப்போக்கு நேரத்தில் தம்பதியர் தொட்டுக்கொள்ளக் கூடாது என்பது விதி.

இனி மரணம். இங்கே நிலைமை தலைகீழ், கேட்காமல் இருப்பதுதான் தவறு. போன மாதம் வந்த யூதக் குடும்பம் உறுப்பு தானத்துக்கு ஒத்துக்கொண்டதே, இவர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். மூளைத்தண்டு சாவை மரணமாக இஸ்ரேலின் தலைமை ரபி மன்றம் 1986இல் ஏற்றது. இதயம் நிற்கும்வரை அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்லும் பெரிய ரபிகளும் இருந்தார்கள், அவர்கள் வழி நடப்போர் இன்றும் இருக்கிறார்கள். இந்தப் பார்வைக்கு இடம் தந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1991இல் சட்டமே இயற்றியது. அதனால் உறுப்பு தானம் பற்றிப் பேச்செடுக்கும் முன் அந்தக் குடும்பம் எந்த ரபியைக் கேட்கிறது என்று விசாரியுங்கள்.

செயற்கைச் சுவாசமும் இப்படித்தான். உயிரைக் குறைக்கும் செயல் கூடாது. ஆனால் உயிர் பிரிவதைத் தடுத்துக்கொண்டிருப்பதை அகற்றலாம் என்கிறார் 16ஆம் நூற்றாண்டுப் போலந்தின் ரபி மோசே இஸ்ஸர்லெஸ். வெளியே விறகு வெட்டும் சத்தத்தால் உயிர் பிரியாமல் இருந்தால் அந்தச் சத்தத்தை நிறுத்தலாம் என்பது அவர் காட்டும் உதாரணம். ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டர் விறகுவெட்டியா, மூச்சா? இஸ்ரேல் 2005இல் கொண்டுவந்த சட்டம் இதற்கு டைமரைப் பிடித்தது. தொடர் சிகிச்சையை யாரும் கைவைத்து நிறுத்த முடியாது. டைமரில் ஓடி நின்ற கருவியை மறுபடி தொடங்காமல் விட முடியும்.

உயிர் பிரிந்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. அறையைச் சீக்கிரம் காலி செய்யும் அவசரத்தில் இரத்தம் தோய்ந்த துணிகளைக் கழிவுப் பையில் போட்டுவிடுகிறார்கள். மரணத்தோடு சிந்திய இரத்தமும் உடலின் பகுதிதான், அதையும் சேர்த்துப் புதைக்க வேண்டும். துணிகளைத் தனிப்பையில் கட்டிக் குடும்பத்திடம் கொடுங்கள். உடலருகே யாராவது உட்கார்ந்திருக்க விரும்பினால் ஒரு நாற்காலி போடுங்கள்.