லெவியில் பனிச்சறுக்கு விடுமுறை: தங்கும் இடத்தில் பலரும் செய்யும் தவறுகள்

பின்லாந்தின் லாப்லாந்தில் கித்திலா பகுதியில் இருக்கிறது லெவி. 531 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று, அதில் 43 சறுக்குச் சரிவுகள், அடிவாரத்தில் ஹோட்டல்களும் மரவீடுகளும். மூன்று குளிர்காலம் அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். சறுக்கத் தெரியாமல் விடுமுறையைக் கெடுத்துக்கொண்டவர்களை அங்கே அதிகம் பார்க்கவில்லை. ஹெல்சிங்கி ஹோட்டலைப் பதிவு செய்வது போலவே இங்கேயும் பதிவு செய்துவிட்டு, வந்த பிறகு திண்டாடியவர்களைத்தான் நிறையப் பார்த்தேன்.

தேதியிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். கிறிஸ்துமஸ் என்றால் பனி, பனி என்றால் டிசம்பர் என்று நினைத்துக் குழந்தைகளோடு வருகிறார்கள். லெவியில் டிசம்பர் இரண்டாம் வாரம் தொடங்கி ஜனவரி முதல் நாட்கள் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அங்குள்ளவர்கள் அதைக் காமோஸ் என்கிறார்கள். நண்பகலில் சில மணி நேரம் நீலமான வெளிச்சம் இருக்கும், மிக அழகுதான், சரிவுகளிலும் விளக்கு எரியும். ஆனால் முதன்முதலாகச் சறுக்கக் கற்கும் குழந்தையோடு அந்த இருட்டிலும் உறைகுளிரிலும் நிற்பது கஷ்டம். என்னைக் கேட்டால் மார்ச் பின்பாதிதான் சரி. பகல் 12 மணி நேரத்தைத் தொட்டுவிடும், பனியும் அப்போதுதான் ஆழமாக இருக்கும். பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் முதல் பத்து நாட்கள் வரை மட்டும் கவனம் தேவை. பின்லாந்தின் பள்ளிகளுக்கு ஆண்டின் 8, 9, 10-ஆம் வாரங்களில் பகுதி பகுதியாகக் குளிர்கால விடுமுறை விடுவார்கள், ஹெல்சிங்கி வட்டாரத்துக்கு 8-ஆம் வாரம். அந்த மூன்று வாரமும் விலை ஏறும், அறை கிடைக்காது, சரிவின் உச்சிக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்டில் வரிசை நிற்கும்.

அடுத்தது தூரம். "சரிவுக்கு அருகில்" என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள், எந்த லிஃப்டுக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். சறுக்குக் காலணி கெட்டியான பிளாஸ்டிக், கணுக்கால் மடங்காது. அதைப் போட்டுக்கொண்டு, தோளில் சறுக்குப் பலகையும் கையில் ஆறு வயதுக் குழந்தையுமாக மைனஸ் 20 டிகிரியில் அரை கிலோமீட்டர் நடந்து பார்த்தால் தெரியும். சான்டாவின் கிராமம் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்து லெவியில் அறை எடுப்பவர்களும் உண்டு. அது இருப்பது ரோவனியமியில், லெவியிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர்.

ஹோட்டலைவிட மரவீடு மலிவாகத் தெரிந்தால் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். படுக்கை விரிப்பும் துண்டும் பல இடங்களில் தனிக் கட்டணம், கிளம்பும்போது வீட்டைச் சுத்தம் செய்வதும் உங்கள் பொறுப்பு, இல்லையென்றால் அதற்கும் தனியாகக் காசு. ஒருமுறை இதைக் கவனிக்காமல் இரவு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்து, வெறும் மெத்தையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தோம்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம், ஈரத் துணி. பனியில் ஒரு நாள் புரண்டு வந்தால் கையுறை, காலுறை, தொப்பி எல்லாம் நனைந்திருக்கும், மறுநாள் காலைக்குள் காயாவிட்டால் அன்றைய சறுக்கல் போச்சு. அதனால் பதிவு செய்யும்போதே உலர்த்தும் அலமாரி இருக்கிறதா என்று கேளுங்கள். பின்லாந்துக்காரர்கள் குய்வவுஸ்காப்பி என்பார்கள், உள்ளே சூடான காற்று ஓடும், அறையிலோ நடைக்கூடத்திலோ வைத்திருப்பார்கள். அது இல்லாத இடத்தில் சிலர் செய்வது பயங்கரமானது: அறையோடு சேர்ந்த சானாவின் (சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் குளியல் அறை) கல் அடுப்பு மேல் கையுறையை வைத்துவிடுகிறார்கள், அல்லது அடுப்புக்கு நேர் மேலே கயிறு கட்டித் துணியைத் தொங்கவிடுகிறார்கள். துணி அடுப்பில் விழுந்தால் தீப்பிடிக்கும். சானாவில் துணி உலர்த்தாதீர்கள், அடுப்பு அணைந்திருந்தாலும் அதன்மேல் எதையும் வைக்காதீர்கள், அடுத்தவர் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிடுவார். சறுக்குக் காலணியின் உள்ளுறையைக் கழற்றி அறைச் சூட்டிலேயே காயவிடுங்கள். இரவில் காலணியைக் காரில் விட்டால் பிளாஸ்டிக் விறைத்துப்போய் காலையில் கால் உள்ளே நுழையாது.

சானாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஹோட்டலின் பொதுச் சானாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, அல்லது தனித்தனி நேரம். நன்றாகக் குளித்துவிட்டு, உடையில்லாமல், ஒரு துண்டை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். நம்மவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், அது இயல்புதான். கூச்சமாக இருந்தால் அறைக்குள்ளேயே சானா உள்ள இடமாக எடுங்கள், உங்கள் வீட்டு மனிதர்களோடு நிம்மதியாக உட்காரலாம். சூடு பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி இருக்கும், மேல் படியில்தான் அதிகம் சுடும், அதனால் முதல் நாள் கீழ்ப்படி போதும்.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள். கலைமான் கறியும் சால்மன் சூப்பும்தான் அங்கே பிரதானம். மெனுவில் எம் என்ற எழுத்தைப் பார்த்து மில்க் என்று நினைக்க வேண்டாம், அது பால் சேராதது என்று பொருள். எல் என்றால் லாக்டோஸ் இல்லாதது. விடுமுறை வாரங்களில் இரவு உணவுக்கு மேசையை முன்பே பதிவு செய்யாவிட்டால் பசியோடு அலைய வேண்டியதுதான்.

கார் எடுத்திருந்தால் ஹோட்டல் வாசலில் கம்பங்களில் மின் இணைப்பு இருப்பதைப் பார்ப்பீர்கள். அது என்ஜினைச் சூடாக்க. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக ஓடும்படி அதிலுள்ள கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் போதும், இரவு முழுக்க ஓட வேண்டியதில்லை.

கடைசியாக, ஹோட்டலுக்குப் பின்னாலேயே தொடங்கும் அந்த வழவழப்பான பாதை. லெவியைச் சுற்றி 200 கிலோமீட்டருக்கு மேல் இப்படிப் பாதைகள் இருக்கின்றன, நடந்து படம் எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். அது நீள்சறுக்கு (குன்றிலிருந்து இறங்காமல் நீண்ட தூரம் சறுக்கிப் போவது) செய்பவர்களுக்காக இயந்திரத்தை ஓட்டிச் செதுக்கிய தடம், லாத்து என்பார்கள். ஒருவர் பூட்ஸ் காலோடு நடந்தால் விழும் குழி அப்படியே உறைந்துவிடும், வேகமாக வரும் சறுக்குக்காரர் அதில் தடுக்கி விழுவார். நடப்பதற்கென்று தனிப் பாதைகள் உண்டு, வரவேற்பு மேசையில் வரைபடம் கேட்டால் தருவார்கள்.