மயிலாப்பூரில் வீடு வாங்க வரும் மலேசியத் தமிழர்களுக்கு: அடிமனை யாருடையது என்று கேளுங்கள்

ஈப்போவில் 31 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, 2018-ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் சென்னை மயிலாப்பூருக்குக் குடிவந்தோம். என் தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போய் இறங்கியவர். பத்துமலையில் தைப்பூசக் காவடி பார்த்து வளர்ந்த எனக்கு, 1,300 ஆண்டுகளுக்கு முன்பே தைப்பூசம் கொண்டாடிய ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அந்த ஆசையோடு இன்று பலர் இங்கு வருகிறார்கள், வந்த சில வாரங்களிலேயே வீட்டுக்கு முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அலுவல் முறைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உள்ளவர் குடியிருப்பு வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. வருமான வரிக்கான பான் எண் அட்டையும் இங்குள்ள வங்கியில் ஒரு கணக்கும் வேண்டும். பணம் வங்கி வழியாகவே செல்ல வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதில் 1 விழுக்காட்டை நீங்களே பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும். இவற்றையெல்லாம் எந்தப் பத்திர எழுத்தரும் உங்களுக்குச் சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாதது ஒன்று உண்டு. நம் மலேசியாவில் நிலப் பட்டயத்தை வாங்கிப் பார்த்தாலே அது நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகை எந்த ஆண்டில் முடிகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்தால் உரிமையாளர் யார் என்பதும் தெளிவாகிவிடும், ஏனென்றால் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி அங்கே பதிவில் இருக்கும் பெயரே உரிமைக்கு ஆதாரம். இந்தியாவில் பதிவு அலுவலகம் பதிவு செய்வது பத்திரத்தைத்தான். எழுதிக் கொடுப்பவருக்கு அந்த நிலம் உண்மையில் சொந்தமா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. முத்திரையும் கையொப்பமும் கைரேகையும் கொண்ட கனத்த பத்திரக் கட்டைக் கையில் வாங்கியபோது, ஈப்போவில் பட்டயத்தை வாங்கியது போன்ற நிறைவு எனக்கு ஏற்பட்டது. அந்த நிறைவுதான் என்னை ஏமாற்றியது.

தெப்பக்குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், திண்ணையும் முற்றமும் தேக்குத் தூண்களும் உள்ள ஒரு பழைய வீட்டைத் தரகர் காட்டினார். விலை அக்கம்பக்கத்து விலையைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது; அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்ள அவசரப்படுவதாகக் காரணம் சொன்னார்கள். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் விற்பவரின் பெயரிலேயே இருந்தன. சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. தரகர் அழைத்து வந்த வழக்கறிஞர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். நம் ஊரில் வழக்கறிஞர் முன்பணத்தைத் தம்மிடம் வைத்திருந்து, வேலை முடிந்த பிறகே விற்பவருக்குக் கொடுப்பார் என்ற பழக்கத்தில், இங்கும் அப்படித்தான் நடக்கும் என்று எண்ணி 15 லட்சம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்தேன். காசோலை நேராக விற்பவரின் கணக்குக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்து, வீட்டின் அளவுகளை எடுக்க மேஸ்திரியோடு போயிருந்தபோது, பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கு வந்து அன்போடு விசாரித்துவிட்டு, "இனிமே அடிமனை வாடகையை நீங்கதானே கோயில்ல கட்டணும்?" என்று கேட்டார். அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயில்களுக்கும் மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான மனைகள் மிகுதி. பல தலைமுறைகளுக்கு முன் அந்த மனைகளை வாடகைக்கு எடுத்தவர்கள் தங்கள் செலவில் வீடு கட்டிக்கொண்டார்கள். கட்டடம் அவர்களுடையது, அதன் கீழுள்ள மண் கோயிலுடையது. அந்த மண்ணுக்குக் கட்டும் வாடகையே அடிமனை வாடகை. இதை வெளிப்படையாகச் சொல்லி, கோயிலின் ஒப்புதலுடன் வாழ்கிற குடும்பங்களும் உண்டு. அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. விளக்குக்கும் பூசைக்கும் என்று யாரோ மனமுவந்து எழுதி வைத்த மண் அது. கோயிலிடம் இருந்து அதைப் பறிக்கும் ஆசை எனக்கு ஒருபோதும் இல்லை. அந்த உண்மையை மறைத்து விற்க முனைந்தவர் மீதும், தெரிந்தே அதற்குத் துணைபோனவர்கள் மீதும்தான் என் கோபம்.

என் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தேன். "மேற்படி இலக்கமுள்ள வீடும் அதைச் சேர்ந்த அனுபோக பாத்தியதைகளும்" என்று இருந்ததே தவிர, மனை என்ற சொல் எங்கும் இல்லை. தாய்ப்பத்திரத்தின் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) நகலில் சொத்து விவரம் இருக்கும் கடைசிப் பக்கத்தை எனக்குக் கொடுக்கவே இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து சான்றிட்ட நகல் வாங்கியபோது, அந்தப் பக்கத்தில் "அடிமனை நீங்கலாக" என்று தெளிவாக எழுதியிருந்தது.

வில்லங்கச் சான்று ஏன் இதைக் காட்டவில்லை என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் கேட்ட காலத்துக்குள் பதிவான பத்திரங்களின் பட்டியல் மட்டுமே அந்தச் சான்று. நூறு, இருநூறு ஆண்டுகளாகக் கோயிலிடம் இருந்து, விற்கவோ வாங்கவோ படாத மண்ணுக்கு அதில் ஒரு வரியும் இருக்காது. ஆகவே வில்லங்கம் இல்லை என்ற சான்றை, விற்பவருக்கு உரிமை இருக்கிறது என்ற சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாநகராட்சியின் வரி ரசீதும் அப்படித்தான்: கட்டடத்துக்கு வரி கட்டுபவர் யார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

இதை முன்கூட்டியே காட்டியிருக்கக்கூடிய காகிதம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். பிளாக் எண்ணும் நகர அளவை எண்ணும் தெரிந்தால் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே அதைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கலாம். மனையின் உரிமையாளர் பெயர் அதில் இருக்கும். நான் பார்த்தபோது விற்பவரின் பெயர் அதில் இல்லை, கோயிலின் பெயர் இருந்தது. இந்து சமய அறநிலையத் துறையும் 2021 முதல் கோயில் நில ஆவணங்களைத் தன் இணையதளத்தில் ஏற்றி வருகிறது. இவ்விரண்டையும் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால், அருகிலுள்ள கோயில்களின் செயல் அலுவலர்களுக்கு அளவை எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிக் கேளுங்கள்.

உண்மை வெளிவந்த பிறகு விற்பவர்கள் வழக்கமாக இரண்டு சமாதானங்கள் சொல்வார்கள். "மூன்று தலைமுறையாக இருக்கிறோம், அனுபவ பாத்தியதை எங்களுக்கு வந்துவிட்டது" என்பது முதலாவது. 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு, எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் கோயில் சொத்தில் அப்படி உரிமை பிறக்காது என்கிறது. "வீடு கட்டியவருக்கு மனையை வாங்கும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது" என்பது இரண்டாவது. 1921-ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் 1996-இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கியது, அந்தத் திருத்தத்தை 2005-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. கோயில் மனையை விற்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி அத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும்; அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. அப்படி ஒரு வீட்டை வாங்கினால், வாடகை நிலுவையும் உயர்த்தப்பட்ட வாடகையும் உங்கள் தலையில் விழும். ஒப்புதல் இல்லாமல் குடியேறினால் ஆக்கிரமிப்பாளர் என்றே கருதப்படலாம்.

அடுக்குமாடி வீடு வாங்குவதால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். மனையில் உங்களுக்கு எத்தனை சதுர அடி பிரிபடாத பாகம் (மற்ற வீட்டுக்காரர்களோடு பொதுவாக உள்ள மனையில் உங்கள் பங்கு) என்று கிரயப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்; அந்தப் பாகம் எந்த அளவை எண்ணில் உள்ளதோ அதற்கும் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். வழக்கறிஞரை நீங்களே தேடி அமர்த்துங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவுடன் வாங்காமல் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, பேசிக் குறையுங்கள். அந்த ஓராண்டில் மார்கழி விடியலில் மாட வீதிகளில் நடப்பீர்கள், பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று வீட்டை விட்டு வண்டியை எடுக்க முடியாது என்பதை அறிவீர்கள், கோடையில் எந்தத் தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது என்பதைப் பார்ப்பீர்கள். எந்த வீடு யாருடைய மண்ணில் நிற்கிறது என்பதைப் பூக்காரரும் பக்கத்து வீட்டு மாமியும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள். பதிவு அலுவலகத்தில் எனக்குக் கிடைக்காத செய்தி எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

என் 15 லட்சத்தில் 9 லட்சம், வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகு மூன்று தவணைகளில் திரும்பி வந்தது. மீதிக்கு வழக்கு நடக்கிறது. இப்போது மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறோம். திண்ணையும் முற்றமும் இல்லை, 412 சதுர அடி பிரிபடாத பாகம் பத்திரத்தில் இருக்கிறது. அந்த மாமி வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகும் வழியில் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு போகிறார்.