டாரோவில் பிடியும் நிலையும்: இரண்டு சீட்டுகளைச் சேர்த்து வாசிப்பது எப்படி?

குறி பார்க்கப் பயன்படும் டாரோ கட்டின் 78 படச்சீட்டுகளில் இரண்டை வரிசைப்படி எடுத்தால் 6,006 ஜோடிகள் வரும். அத்தனையையும் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. அதனால் இடத்தை வைத்து வாசியுங்கள்: முதல் சீட்டு இப்போதைய நிலை, இரண்டாவது அதன்மேல் வந்து விழும் விசை. எடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். எடுத்த பிறகு இடம் மாற்றினால் நம் ஆசையைத்தான் வாசித்துக்கொண்டிருப்போம்.

உதாரணமாக, தேயிலைத் தோட்டத்தைப் பையனிடம் ஒப்படைக்க யோசிக்கிறீர்கள் என்றால், "தோட்டம் நிலைக்குமா?" என்று கேட்காதீர்கள். பச்சைத் தேயிலை விலை எந்தச் சீட்டுக்கும் தெரியாது. "கோத்தகிரித் தோட்டத்தைப் பையன் கையில் கொடுக்க நான் எதைத் தளர்த்த வேண்டும்?" என்று கேட்டால் பதில் பிடிபடும்.

இந்த விஷயத்தில் அதிகம் குழம்ப வைப்பவை எம்பரர் (பேரரசர்) சீட்டும் நான்கு நாணயச் சீட்டும்தான். இரண்டுக்கும் எண் 4, இரண்டிலும் ஓர் ஆள் கல்லிருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். 1909-ல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் என்ற டாரோ கட்டுக்குப் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களை உற்றுப் பாருங்கள். எம்பரரின் அங்கிக்குள் கவசம், பின்னால் மொட்டை மலை, அதன் அடியில் மெல்லிய நீரோட்டம். நாணயக்காரருக்கோ தலையில் ஒரு நாணயம், நெஞ்சோடு ஒன்று, காலடியில் இரண்டு. எழுந்தால் காசு உருண்டுவிடும். அதனால் உட்கார்ந்தே இருக்கிறார். ஊர் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால்.

சரிவில் தடுப்புச்சுவர் கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். நீர் வடியத் துளை விடாவிட்டால் ஐப்பசி மழையில் பின்னாலுள்ள மண் தண்ணீர் குடித்துக் கனத்து, சுவரையே தள்ளிவிடும். எம்பரர் துளை விட்ட சுவர். நான்கு நாணயம் துளையில்லாத சுவர்.

எம்பரருக்குப் பின் நான்கு நாணயம் வந்தால், ஒழுங்கு பயமாக இறுகுகிறது: கணக்கு நோட்டு பூட்டுக்குள் இருக்கும், ஆள் கூலி கொடுக்கக்கூடப் பையன் அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்கும். வரிசை திரும்பினால் பயம் திட்டமாகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எழுதிவைக்கச் சொல்லலாம். நான்கு நாணயத்தின் மேல் டவர் (இடி விழுந்த கோபுரம்) சீட்டு விழுந்தால் கேட்பவரைப் பயமுறுத்தாதீர்கள்; துளை எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

எம்பரரோடு டெத் (மரணம்) சீட்டு வந்தால் கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவது, என்று வாசிக்கலாம். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டாத தேயிலைச் செடி கைக்கு எட்டாமல் வளர்ந்துவிடும். வெட்டினால் சில மாதம் இலை வராது. அந்த வருமானமில்லாத காலத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சாரியட் (தேர்) சீட்டை 'வெற்றி' என்று முடித்துவிடுவது வழக்கமான தவறு. படத்தில் கடிவாளமே கிடையாது. தேருக்கு முன்னால் உள்ள இரண்டு ஸ்பிங்க்ஸும் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்டவை) அவரவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கின்றன. எம்பரரோடு வந்தால் ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்களா என்று பாருங்கள். ஸ்ட்ரெங்த் (வலிமை) சீட்டு வந்தால் அதட்டாமல் பேசிச் சாதிக்கும் வழி.

தலைகீழ் சீட்டைக் கணக்கில் எடுப்பீர்களா என்பதையும் கலைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மலையில் இன்னொரு தொல்லை ஈரம். மேகம் இறங்கும் நாட்களில் சீட்டுகள் உப்பி ஒட்டிக்கொள்ளும். சேர்ந்தே இருந்த இரண்டு சீட்டுகள் ஜோடியாக வரும், சகுனம் என்று நினைத்துவிடுவோம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஒட்டி வந்தால் பிரித்துப் போட்டு மறுபடி கலையுங்கள்.