பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்கு நாயைக் கூட்டிப் போவது எப்படி?

வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் டிக்கெட் விலை பார்க்கத்தான் கை போகும். வீட்டில் நாய் இருந்தால் டிக்கெட்டைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் எப்போது கிளம்பலாம் என்பது நாயின் ரத்தப் பரிசோதனைத் தேதியைப் பொறுத்தது. எங்கள் மணி அல்சூரில் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். அவனை அழைத்துப் போனபோது கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை, நாயின் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப். அரிசி மணி அளவில் இருக்கும், பிடரிக்குக் கீழே தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். ஐஎஸ்ஓ தரத்தில் 15 இலக்க எண் கொண்டதாகக் கேட்டு வாங்குங்கள். போட்டதும் உங்கள் முன்னாலேயே ஸ்கேனரை வைத்துப் பார்க்கச் சொல்லி, திரையில் வரும் எண்ணை ஸ்டிக்கரில் உள்ளதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள்.

ரேபிஸ் ஊசி அதற்குப் பிறகுதான். அதே நாளில் போடலாம், ஆனால் சிப்புக்கு முந்தைய தேதியில் போட்ட ஊசி ஐரோப்பிய ஒன்றியக் கணக்கில் செல்லாது. நாங்கள் போன கிளினிக்கில் ஊசியை முதலில் போட்டு, இரண்டு வாரம் கழித்துச் சிப் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். அப்புறம் மறுபடி ஊசி போட்டு, மறுபடி முதலிலிருந்து நாள் எண்ண வேண்டியதாயிற்று. குட்டியாக இருந்தால் 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிக்கு 0.5 ஐயு (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் தேறியது. ஆனால் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஜனவரி 1 அன்று சிப்பும் ஊசியும் போட்டால், எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஏப்ரல் கடைசி ஆகிவிடும். ஐந்து மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காத்திருப்பு நாட்களைச் சாப்பாட்டுப் பழக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சி, பால் சேர்ந்த எதையும் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. தயிர்சாத டப்பா மட்டுமல்ல, கோழி சேர்ந்த நாய் உணவுப் பையும் பறிபோகும். நோய்க்காக மருத்துவர் சொன்ன விசேஷ உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு: 2 கிலோ வரை, பிரிக்காத கம்பெனிப் பாக்கெட், ஃப்ரிட்ஜ் தேவைப்படாதது.

மணிக்கு ராத்திரி தயிர்சாதம் இல்லாமல் ஆகாது. அதனால் ஜெர்மனியிலும் கிடைக்கும் உலர் உணவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒரு பிடி கலந்தோம். மோந்து பார்த்துவிட்டு, சோற்றை மட்டும் நக்கி எடுத்து, உருண்டைகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தான். வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்த பிறகுதான் இறங்கியது. பத்து நாளில் சோறு பாதியாகி, மூன்றாவது வாரம் முழுதாக நின்றது.

விமானத்தில் நாயை வைக்கும் கூண்டையும் இப்போதே வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டில் வையுங்கள். நின்றால் தலை இடிக்கக் கூடாது, உள்ளேயே திரும்ப முடிய வேண்டும். மணியின் பழைய போர்வையைப் போட்டதும் தானாகப் போய்ப் படுத்தான். தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். பறக்கும்போது மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து.

கடைசிப் பத்து நாளில் சுகாதாரச் சான்றிதழ். கால்நடை மருத்துவர் பரிசோதித்துப் படிவத்தை நிரப்பிய பின், ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் முத்திரை வாங்க வேண்டும். நாயையும் கூட்டிப் போங்கள். அந்தச் சான்றிதழோடு 10 நாளுக்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும்.

அசல் காகிதங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இறங்கியதும் சுங்கத்தில், அறிவிக்க ஏதாவது உள்ளவர்களுக்கான சிவப்பு வழியாகப் போய் நாய் இருப்பதை நீங்களே சொல்லுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் அதிகாரி முதலில் மணியின் பிடரியில் ஸ்கேனரை வைத்தார். எண் சரியாக வந்ததும் காகிதங்களைப் புரட்டிவிட்டு அனுப்பிவைத்தார். வெளியே வந்ததும் தண்ணீர் கொடுத்தோம், கிண்ணம் காலியாகும்வரை தலையே நிமிரவில்லை.