சார்ஜ் ஏறலையா? டைனமோவை (ஆல்டர்னேட்டரை) கழற்றுவதற்கு முன்

புது பேட்டரி மாட்டியும் செல்ஃப் எடுக்காத வண்டிகள் காட்பாடியில் என் பட்டறைக்கு அடிக்கடி வரும். வேலூர் வெயிலைத் திட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணாமலே பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5. ஹெட்லைட், ஏ.சி., ப்ளோவர் எல்லாம் போட்டு 1500 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் பத்தவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு டைனமோவைச் சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள்: பளபளவென்று தேய்ந்திருந்தால் வழுக்கும். பெல்ட் நன்றாக இருந்தால், திரும்ப ஓடவிட்டு, லோடு போட்டபடியே மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் தடித்த ஒயர் போல்ட்டிலும் கருப்பை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3-க்கு மேல் காட்டினால் அந்த ஒயரில்தான் கோளாறு. முனையில் பச்சை பூத்திருக்கும். டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 தாண்டக்கூடாது. விரிஞ்சிபுரத்துக் கார் ஒன்றுக்கு எர்த் போல்ட்டை (மைனஸ் ஒயரை வண்டி பாடியோடு பிடிக்கும் போல்ட்) சுரண்டி இறுக்கியதே போதுமாயிற்று.

இதெல்லாம் சரியென்றால்தான் டைனமோவைக் கழற்றி அதன் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு பக்கம் போகணும். ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.எம். போய்விடும்.