தீபத் திருநாள் கூட்டத்தைத் தாங்கும் ஏபிஐ கேட்வே: தேர்வு முதல் சோதனை வரை

கார்த்திகை தீபத்துக்கு வேலூர் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ் பிடிக்க எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டம் அப்படியே ஒரு முன்பதிவு ஆப்புக்குள் நுழைவதாக வைத்துக்கொள்வோம். கண்ணமங்கலம், போளூர் வழியாகப் போகும் சிறப்பு பஸ்களுக்கு சீட் பதிவு. பின்னால் நான்கு சர்வீஸ்கள் (தனித்தனி வேலை பார்க்கும் புரோகிராம்கள்): கால அட்டவணை, சீட், பணம், டிக்கெட்.

ஆப்பும் சர்வீஸ்களும் பேசிக்கொள்ளும் வழிதான் ஏபிஐ. இந்த நான்குக்கும் முன்னால் நிற்கும் ஒரே வாசல்தான் ஏபிஐ கேட்வே. வருகிறவர் யார் என்று பார்க்கும், உரிய சர்வீஸுக்கு அனுப்பும், அளவு மீறினால் வாசலிலேயே நிறுத்தும். கூட்ட நேரத்தில் மூன்றாவது வேலைதான் உயிர். நொடிக்கு 800 கோரிக்கை தாங்கும் சீட் சர்வீஸுக்குள் 2,000 கோரிக்கையை விட்டால், அந்த 800 பேருக்கும்கூட சீட் கிடைக்காது.

படி 1: முதலில் கணக்கு

பதிவு திறந்த முதல் 10 நிமிடத்தில் 40,000 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 12 கோரிக்கை என்றால் மொத்தம் 4,80,000. அதை 600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 800. இது சராசரிதான். முதல் நிமிடத்தில் இரண்டரை மடங்கு வரும் என்று வைத்து 2,000-க்குத் தயாராகுங்கள்.

அடுத்து, ஒரே சமயத்தில் எத்தனை கோரிக்கை பாதியில் நிற்கும்? நொடி எண்ணிக்கையை பதில் வர ஆகும் நேரத்தால் பெருக்குங்கள். 800 கோரிக்கை, 0.15 நொடி: 120. சீட் சர்வீஸ் தடுமாறி 3 நொடி எடுத்தால் அதே 800-க்கு 2,400. வந்த ஆட்கள் கூடவில்லை, பதில்தான் தாமதம், ஆனால் சுமை 20 மடங்கு. பெரும்பாலான சரிவுகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

படி 2: எதை எடுப்பது?

சர்வீஸ்கள் பத்துக்குள், வெளி நிறுவனங்களுக்கு ஏபிஐ கொடுக்கவில்லை என்றால் என்ஜின்எக்ஸ் அல்லது எச்ஏபிராக்ஸி (கோரிக்கையை வாங்கிப் பின்னால் அனுப்பும் மென்பொருள்கள்) போதும். முதல்முறை செய்கிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை என்ஜின்எக்ஸ். ஏஜென்ட்டுகளுக்குத் தனித்தனி ஏபிஐ கீ (அடையாளச் சாவி), ஆளுக்கொரு அளவு என்று வந்தால் காங் அல்லது அபிசிக்ஸ் என்ற முழு கேட்வே மென்பொருள். காங் என்ஜின்எக்ஸ் மேல்தான் கட்டப்பட்டது. டேட்டாபேஸ் இல்லாமல் ஒரே யாம்ல் (அமைப்புகளை எழுதும் எளிய வடிவம்) கோப்பில் ஓடும், தொடக்கத்தில் அப்படியே வையுங்கள். ஏற்கெனவே குபர்நெட்டிஸில் (பல சர்வர்களில் சர்வீஸ்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால் என்வாய் என்ற மென்பொருள் பொருந்தும். அதற்காகவே குபர்நெட்டிஸுக்குப் போகாதீர்கள்.

பராமரிக்க ஆள் இல்லையென்றால் கிளவுட் சேவை. அமேசானின் ஏபிஐ கேட்வேயில் அமெரிக்க வர்ஜீனியா பகுதிப் பட்டியல் விலை, 10 லட்சம் கோரிக்கைக்கு எச்டிடிபி வகையில் (எளியது) 1 டாலர், ரெஸ்ட் வகையில் (கூடுதல் வசதிகளோடு) 3.50 டாலர். வருடம் முழுக்க சராசரி நொடிக்கு 40 கோரிக்கை என்றால் 30 நாளில் 10.37 கோடி, மாதம் 104 டாலர் அல்லது 363 டாலர். தீப வாரம் மட்டும் எகிறும் சேவைக்கு இது கட்டுப்படியாகும். ஆண்டு முழுக்க நொடிக்கு 1,000 ஓடுகிறவர்களுக்குச் சொந்த சர்வர்தான் மலிவு.

இனி என்ஜின்எக்ஸை வைத்தே பார்ப்போம்.

படி 3: இணைப்புகள்

உபுண்டு லினக்ஸில் நிறுவினால் வரும் கோப்பில் ஒரு வொர்க்கருக்கு (கோரிக்கைகளைக் கையாளும் என்ஜின்எக்ஸ் புராசஸ்) 768 இணைப்பு. கேட்வே வழியாகப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் இரண்டு இணைப்பைத் தின்னும்: ஆப் பக்கம் ஒன்று, சர்வீஸ் பக்கம் ஒன்று. இரண்டு வொர்க்கர் என்றால் 768 கோரிக்கைதான் ஒரே சமயத்தில் நிற்க முடியும். மேலே போட்ட கணக்கு 2,400. ஆக வொர்க்கருக்கு 4,096 ஆக்குங்கள். கூடவே கோப்புத் திறப்பு வரம்பையும் ஏற்ற வேண்டும் (ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த கோப்பாகவே எண்ணப்படும்). லினக்ஸ் இயல்பாகத் தருவது பெரும்பாலும் 1,024. இதை மறந்தால் எண்ணை ஏற்றியும் பலன் இருக்காது.

அடுத்தது சர்வீஸ் பக்க இணைப்பு. என்ஜின்எக்ஸின் பல பதிப்புகள், சொல்லாமல் விட்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பைத் திறந்து மூடிவிடும். மூடுவதில் முந்துகிற பக்கத்தில் அந்த இணைப்பின் போர்ட் (இணைப்புக்கான எண்) 60 நொடி காத்திருப்பில் கிடக்கும். லினக்ஸ் இதற்கு வைத்திருக்கும் போர்ட்டுகள் 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232. 60 நொடியால் வகுத்தால் ஒரு சர்வீஸ் முகவரிக்கு நொடிக்கு 470 புது இணைப்புதான். கேட்வே முந்தி மூடினால், 800 வரும்போது ஒரு நிமிடத்துக்குள் போர்ட் தீர்ந்து எரர் லாகில் (பிழைப் பதிவுக் கோப்பு) 99 என்ற எண்ணோடு 'கேன்னாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' வரிசையாக விழும். சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருக்கும், ஆப் மட்டும் வேலை செய்யாது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் சர்வரைப் பெரிதாக்கிப் பணத்தைக் கரைக்கிறார்கள்.

தீர்வு, இணைப்பை மூடாமல் மறுபடி பயன்படுத்துவது. என்ஜின்எக்ஸ் கோப்பில் சர்வீஸ் முகவரிகளை எழுதும் அப்ஸ்ட்ரீம் பகுதியில் கீப்அலைவ் 64 என்று போடுங்கள், எச்டிடிபி பதிப்பை 1.1 ஆக்குங்கள், கனெக்‌ஷன் ஹெடரை (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரி) வெறுமையாக்குங்கள். அந்தப் பதிப்புகளில் மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அந்த 64 உச்ச வரம்பல்ல. ஒரு வொர்க்கர் சும்மா வைத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை.

இதிலும் ஒரு பொறி உண்டு. சர்வீஸ் நோட் ஜேஎஸில் (ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் தளம்) ஓடினால், அதன் பல பதிப்புகள் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 5 நொடியில் மூடிவிடும். என்ஜின்எக்ஸ் 60 நொடி வைத்திருக்கும். அங்கே மூடும் அதே கணத்தில் இங்கே கோரிக்கை கிளம்பினால் 502 எரர் (சர்வீஸ் இணைப்பு அறுந்தது). ஆயிரத்தில் ஒன்றாக, காரணம் பிடிபடாமல் வரும் 502-களில் பல இதுதான். சர்வீஸ் பக்க நேரத்தை 65 நொடி ஆக்கினால் தீரும்.

படி 4: எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பதிலுக்கு என்ஜின்எக்ஸ் காத்திருக்கும் இயல்பு நேரம் 60 நொடி. நொடிக்கு 800 வரும்போது ஒரு சர்வீஸ் உறைந்தால் 48,000 கோரிக்கை தொங்கும். இணைப்புக்கு 1 நொடி, சீட் சர்வீஸ் பதிலுக்கு 3 நொடி போதும். பணத்துக்கு மட்டும் 15 கொடுங்கள். ஆப் காத்திருக்கும் நேரம் கேட்வேயைவிட அதிகமாக இருக்கட்டும்.

மறுமுயற்சியில் கவனம் வேண்டும். ஆப் 3 முறை, கேட்வே 3 முறை முயன்றால் தடுமாறும் சர்வீஸுக்கு 9 அடி. காங்கில் இயல்பு 5. பணம் செலுத்தும் வழிக்கு அதை 0 ஆக்குங்கள்.

படி 5: அளவு கட்டுதல்

நொடிக்கு 10 என்று என்ஜின்எக்ஸில் எழுதினால் அது 100 மில்லிநொடிக்கு ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். ஆப் திறந்ததும் ஒரே நேரத்தில் 6 கோரிக்கை அனுப்பினால் ஒன்று போகும், ஐந்து திரும்பும். அதனால் பர்ஸ்ட் 20 (ஒரே நேரத்தில் கூடுதலாக 20 வரை விடு), நோடிலே (அவற்றைத் தாமதிக்காதே) இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். மறுக்கும்போது இயல்பாக 503 (சர்வீஸ் கிடைக்கவில்லை) கொடுக்கும். அதை 429 (அளவு மீறியது) ஆக்கி, எத்தனை நொடி கழித்து வரலாம் என்று ரிட்ரை ஆஃப்டர் ஹெடரிலும் சொல்லுங்கள். 503 வந்தால் சர்வீஸ் செத்துவிட்டது என்று உங்கள் ஆட்களே தவறாக நினைப்பார்கள்.

யாரை எண்ணுவது என்பதுதான் பெரிய கேள்வி. ஐபியை (இணைய முகவரி) வைத்து எண்ணினால் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் மாணவர்கள், வெளியே தெரிவது ஒரே ஐபி. முதல் சிலருக்கு சீட், மற்றவர்களுக்கு 429. மொபைல் நெட்டிலும் பலர் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். லாகின் ஆனபின் பயனர் அடையாளத்தை வைத்து எண்ணுங்கள். லாகினுக்கு முன் ஐபிக்குத் தளர்வாக நொடிக்கு 200 வரை விடலாம். முன்னால் லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடுவது) இருந்தால் எல்லாக் கோரிக்கையும் அதன் ஐபியிலிருந்தே வருவதாகத் தெரியும். உண்மை ஐபியை ஹெடரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் லோட் பேலன்சர் அனுப்பியதை மட்டும் நம்பச் சொல்லுங்கள். அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதலாம்.

கேட்வே இரண்டு ஓடினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணும், அளவு இரட்டிப்பாகும். தொடக்கத்தில் எண்ணைப் பாதியாக்கினால் போதும். எண்ணிக்கையை இரண்டுக்கும் பொதுவாக வைக்கும் ரெடிஸ் (நினைவகத் தரவுக் கிடங்கு) பிறகு பார்க்கலாம்.

படி 6: கால அட்டவணையை கேஷில் வையுங்கள்

கேஷ் என்றால் பதிலின் நகலை கேட்வேயிலேயே வைத்துக் கொடுப்பது. 10 நொடி போதும். ஒரே பட்டியலை நொடிக்கு 500 பேர் கேட்டாலும் சர்வீஸுக்குப் போவது 10 நொடிக்கு ஒன்று. கேஷ் லாக்கையும் (ஒரு கோரிக்கையை மட்டும் சர்வீஸுக்கு அனுப்பும்), 'யூஸ் ஸ்டேல் அப்டேட்டிங்' என்பதையும் (புதியது வரும்வரை பழைய நகலைக் கொடுக்கும்) போடுங்கள். இல்லாவிட்டால் கேஷ் காலியாக இருக்கும்போதும் காலாவதி ஆகும் கணத்திலும் வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகப் பாய்வார்கள். காலி சீட் எண்ணிக்கை, டிக்கெட் இரண்டையும் கேஷில் வைக்கக் கூடாது.

படி 7: சோதனை

வேறு கணினியிலிருந்து, கே6 போன்ற சுமை சோதனைக் கருவியில் நொடிக்கு இத்தனை என்ற நிலையான வேகத்தில் அனுப்புங்கள். 500, 1,000, 2,000, 3,000; ஒவ்வொன்றும் 10 நிமிடம். 2,000 ஓடும்போது சீட் சர்வீஸை வேண்டுமென்றே நிறுத்துங்கள். கால அட்டவணை தொடர்ந்து வர வேண்டும். அதுவும் நின்றால் படி 4-க்குத் திரும்புங்கள்.

லாகில் மொத்த நேரத்தையும் சர்வீஸ் எடுத்த நேரத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மொத்தம் 9 நொடி, சர்வீஸ் 0.08 நொடி என்றிருந்தால் யாரோ ஓடும் பஸ்ஸில், சிக்னல் மங்கிய இடத்தில் இருக்கிறார், சர்வீஸில் தேடாதீர்கள். 502 என்றால் சர்வீஸ் இணைப்பை மறுத்தது அல்லது பாதியில் அறுத்தது. 504 என்றால் நேரத்துக்குள் பதில் வரவில்லை. 499 என்றால் காத்திருந்தவர் பொறுமை இழந்து மூடிவிட்டார். 499 ஏறத் தொடங்கினால் பெரும்பாலும் அடுத்து 504 வரும். அலாரத்தை 499-க்கே வையுங்கள்.