எடிட்டருக்கு அரை நாள் போதும், மிச்சம் எஃப் 12க்கு

வெப் டெவலப்மென்ட் தொடங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது கோட் எழுத எந்த எடிட்டர் நல்லது என்றுதான். விஎஸ் கோடைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இலவசம், எச்டிஎம்எல் கோப்பில் ஓர் ஆச்சரியக்குறி போட்டு டேப்பைத் தட்டினால் பக்கத்தின் அடிப்படைக் கட்டமைப்பு அப்படியே வந்து நிற்கும். எக்ஸ்டென்ஷனில் கோடை ஒழுங்குபடுத்தும் பிரெட்டியரும், சேவ் செய்ததும் பக்கத்தை பிரவுசரில் புதுப்பித்துக் காட்டும் லைவ் சர்வரும் போதும். கொழும்பின் கணினிக் கடைத் தொகுதியான யூனிட்டி பிளாசாவில் தேடி எடுத்த 4 ஜிபி ராம் பழைய லாப்டொப் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் விஎஸ் கோடுக்குள்ளேயே குரோமியம், அதாவது குரோமின் அடிப்படையான பிரவுசர், ஒன்று ஓடுகிறது, பக்கத்தில் குரோமையும் திறந்தால் மெஷின் திணறிவிடும். அதற்கு சப்லைம் டெக்ஸ்ட் அல்லது நோட்பேட் பிளஸ் பிளஸ். பழைய டியூட்டோரியல்களில் ஆட்டம் (Atom) என்ற எடிட்டர் வந்தால் தாண்டிப் போங்கள், அதை 2022 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பிரவுசரில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கொழும்பில் ஒரு கடைக்கு சைட் செய்தாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கேட்பார்கள், ஆங்கிலத்தில் அழகாக இருந்த பட்டனில் "கட்டணம் செலுத்துக" என்று போட்டதும் எழுத்து வெளியே வழியும். எஃப் 12ஐ அமத்தினால் பிரவுசரின் டெவ் டூல்ஸ், அதாவது பக்கத்தைத் துருவிப் பார்க்கும் கருவிகள், திறக்கும். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எம் மூன்றையும் சேர்த்து அமத்தி, போன் அகலத்தில் மூன்று மொழியையும் பாருங்கள்.

பொன்ட், அதாவது எழுத்துரு, இன்னொரு தலையிடி. நீங்கள் போட்ட வெப் பொன்டில் தமிழ் எழுத்தே இல்லாவிட்டால் பிரவுசர் சத்தமில்லாமல் கணினியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்: விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா, அன்ட்ரொய்டில் நோட்டோ. உங்கள் திரையில் ஒழுங்காக இருப்பது வாடிக்கையாளர் போனில் வேறு மாதிரி தெரிவது இதனால்தான். பயர்பொக்ஸில் எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்து, பொன்ட்ஸ் டேபைத் திறந்தால் உண்மையில் எது ஓடுகிறது என்று காட்டும். குரோமில் கம்ப்யூட்டட் டேபின் அடியில் இருக்கும். இந்த விஷயத்தில் எனக்கு பயர்பொக்ஸ்தான் பிடிக்கும்.

அப்புறம் வேகம். ஆபீஸ் ஃபைபரில் எல்லாம் பறக்கும், பஸ்ஸில் நின்றுகொண்டு டேட்டாவில் திறப்பவருக்கு அப்படியில்லை. டெவ் டூல்ஸின் நெட்வேர்க் டேபில் கேஷை (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை) நிறுத்தி, ஸ்லோ 4ஜி தெரிவு செய்து ரீலோட் பண்ணுங்கள், எந்தப் படம் கழுத்தை அறுக்கிறது என்று அளவோடு தெரியும். கேஷ் நிறுத்தம் டெவ் டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் வேலை செய்யும்.

ஐபோன் சஃபாரியை முறையாகத் துருவிப் பார்க்க மேக் வேண்டும். கையில் இல்லையென்றால் தெரிந்தவர் ஐபோனிலாவது ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.